இரத்தத்தில் கிருமி ஏறியவருக்கு ஸ்டீராய்டு கொடுப்பது ஏன்?

செம்பனைக்காட்டு மகன்:
வணக்கம். நாங்கள் மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். நெடுங்காலமாக இனிப்புநீர் உள்ள என் அப்பாவின் காலில் செம்பனை முள் குத்தி, புண் சீழ் பிடித்து, மூன்றாம் நாள் பேச்சே குழறிவிட்டது. இப்போது ஈப்போவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். இரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருக்க, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை 50 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் போடுகிறார்கள். ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், சர்க்கரையை ஏற்றும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். கிருமியோடு போராடும் உடம்புக்கு இதை ஏன் கொடுக்க வேண்டும்? மருத்துவர் மலாயில் விளக்கியது எனக்குப் பாதிதான் பிடிபட்டது.

ஓய்வுபெற்ற தாதி:
தம்பி, செப்சிஸில், அதாவது தொற்று உடம்பு முழுவதையும் தாக்கும் இந்த நிலையில், ஆளை வீழ்த்துவது கிருமி மட்டுமன்று; அதை விரட்டக் கிளம்பிய உடம்பின் அழற்சி கட்டுமீறிப்போய், இரத்தக் குழாய்கள் தளர்ந்து கசிந்து, அழுத்தம் விழுந்து, சிறுநீரகம் முதலிய உறுப்புகள் செயலிழப்பதுதான் பெரிய ஆபத்து. கிருமியை அழிப்பது ஆன்டிபயாட்டிக்கின் வேலை, புண்ணைத் திறந்து சீழை எடுப்பது அறுவை மருத்துவரின் வேலை; இந்த ஊசி அழற்சியைத் தணித்து, விழுந்த அழுத்தம் மீள உதவுவதற்குத்தான்; அவ்விரண்டுக்கும் மாற்றாகாது. நீங்கள் சொல்லும் கணக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் ஆகிறது. அழுத்தத்தை ஏற்றும் மருந்தை நிறுத்த முடியாமல் இருப்பவர்களுக்குச் சிகிச்சை நெறிமுறைகள் சொல்லும் அளவே அது.

2018-இல் 3,600-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், 90 நாள் இறப்பு விகிதம் இதனால் குறையவில்லை. ஆனால் அதிர்ச்சி நிலையிலிருந்து (இரத்த அழுத்தம் மிகவும் விழுந்துவிடும் நிலை) விரைவாக மீண்டார்கள். அதே ஆண்டில் வெளியான பிரெஞ்சு ஆய்வில் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, இறப்பு நூற்றுக்கு 49-இலிருந்து 43 ஆகக் குறைந்தது. சர்க்கரை ஏறத்தான் செய்யும். அதற்காகவே அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்த்து இன்சுலின் ஏற்றுவார்கள்.

மருந்தகக்காரன், தைப்பிங்:
அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அழற்சியை அடக்கும் பழைய மருந்தெல்லாம் செப்சிஸுக்கு உதவும் என்று எண்ணிவிட வேண்டாம். வைட்டமின் சி-யின் மேல் 2017-இல் பெரும் நம்பிக்கை எழுந்தது. 2022-இல் வந்த பெரிய ஆய்விலோ, அது ஏற்றப்பட்டவர்களிடையே இறப்பும் நீடித்த உறுப்புச் செயலிழப்பும் கூடுதலாகவே இருந்தன. கோவிட் காலத்தில் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும், செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்ததே தவிர, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு உதவவில்லை. ஆகவே எந்த நோயாளிக்கு, எந்தக் கட்டத்தில் என்பதே முக்கியம்.

நம் மண்ணுக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மழைக்காலச் சேற்றிலிருந்து தொற்றும் மெலியோய்டோசிஸ், இனிப்புநீர்க்காரர்களைத்தான் அதிகம் தாக்கும். வடகிழக்குத் தாய்லாந்தில் அந்நோய் கண்டவர்களை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட கட்டுரையில், சர்க்கரைக்காக முன்பே கிளிபென்கிளமைடு (நம் பெரியவர்கள் ‘டாவோனில்’ என்பார்களே, அதுதான்) உட்கொண்டு வந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. அம்மருந்துக்கு அழற்சியைத் தணிக்கும் தன்மை இருப்பதும் தெரியவந்தது. ஆனால் அது நோயாளிகளைக் கவனித்து அறிந்ததுதான், கொடுத்துச் சோதித்ததன்று. சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடிய மருந்து என்பதால், இதை நம்பி யாரும் வீட்டில் கூடுதலாக விழுங்கக் கூடாது.

ஓய்வுபெற்ற தாதி:
கேட்க மறந்துவிட்டேன், தம்பி. அப்பா மூட்டு வலிக்கு பாசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) விற்கும் ஜாமு என்ற நாட்டு மூலிகை மருந்து எதையாவது சாப்பிட்டு வந்தாரா? அவற்றில் டெக்ஸாமெத்தசோனைக் கலந்து விற்பது நம் நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. மாதக்கணக்கில் அதை உட்கொண்டவரின் உடம்பில், இயற்கையாக ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி சோம்பிவிடும். திடீரென்று நிறுத்தினாலோ, கடும் நோய் வந்தாலோ அழுத்தம் தடாலென விழும். மருத்துவருக்கு இது கட்டாயம் தெரிய வேண்டும்.

செம்பனைக்காட்டு மகன்:
நன்றி அம்மா, நன்றி அண்ணே. என் தாயாரிடம் கேட்டேன். சாமி மேடைக்குக் கீழே, பிஸ்கட் டின்னுக்குள் பெயர்ச்சீட்டு இல்லாத கறுப்புக் குளிகைகள் அரைப் பொட்டலம் இருக்கின்றன. ஓராண்டாகக் காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று சாப்பிட்டாராம். பொட்டலத்தோடு இப்போதே ஈப்போவுக்குக் கிளம்புகிறேன்.