மதியம் 3 மணிக்கு மேல் எழுத்து மங்குகிறது: வழி சொல்லுங்கள்

பொடியெழுத்து:
வயது 46. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டி.டி.பி. வேலை (கணினியில் பக்கம் அமைப்பது). ஆடி 18க்குக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியானதிலிருந்து தினசரி காலண்டர் தாள்தான். நல்ல நேரம், ராகு காலம், சூலம், சந்திராஷ்டமம் என்று ஒரு தாளில் அத்தனையும் பொடி எழுத்து. காலையில் சிரமமில்லை. மதியம் 3 மணியைத் தாண்டினால் கண் எரிகிறது, மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது. நான்கு முறை இமைத்தால் எழுத்து தெளிகிறது, மறுபடி மங்குகிறது. நேற்று ஒரு வெள்ளிக்கிழமைத் தாளில் எமகண்டம் 3.00 என்பது 8.00 என்று இருந்ததைக் கோட்டை விட்டேன். அச்சுத் தகடு போடுவதற்குமுன் முதலாளி பார்த்துவிட்டார், தப்பித்தேன்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கினேன். மருந்துக் கடையில் சிவப்பு போக்கும் சொட்டு மருந்தும் வாங்கி இரண்டு மாதமாக விடுகிறேன். பயனில்லை. மாலையானால் கழுத்தும் வலிக்கிறது, அது வயசுக்கோளாறாக இருக்கும்.

இமை:
இமைத்தால் தெளிகிறது என்கிறீர்களே, கண் காய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறையாவது இமைப்போம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது ஐந்து, ஆறாகக் குறைந்துவிடும். அதிலும் பாதி அரைகுறை இமைப்பு. மின்விசிறி முகத்துக்கு நேராக இருக்கிறதா?

அந்தச் சொட்டு மருந்தை முதலில் நிறுத்துங்கள். அது ரத்தக் குழாயைச் சுருக்கிச் சிவப்பை மறைக்கும். நாள்கணக்கில் விட்டால் சிவப்பு கூடுதலாகத் திரும்பி வரும். உங்களுக்கு வேண்டியது ஈரம் தரும் செயற்கைக் கண்ணீர். அடிக்கடி விடுவதானால் கெடாமலிருக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் (பிரிசர்வேட்டிவ்) இல்லாததாகக் கேளுங்கள்.

வடக்குரத வீதி:
20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் உள்ளதை, 20 விநாடி பார்க்க வேண்டும். நீலக் கண்ணாடிக்குக் கொடுத்த காசு போனதுதான். 2023இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளை அலசியதில், கண் சோர்வு அதனால் குறைவதாகத் தெரியவில்லை. கண்ணில் வெள்ளரிக்காய் வைக்கச் சொல்லி யாராவது வருவார்கள். வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும், அவ்வளவுதான்.

பொடியெழுத்து:
விசிறி நேர் எதிரே சுவரில்தான் இருக்கிறது! 20 அடிக்கு எங்கே போக? எங்கள் அறையே 10 அடி. ஜன்னல் வழியாக எதிர்வீட்டு வேப்பமரம் தெரியும், அது போதுமா?

சாளேசுரம்:
வேப்பமரம் தாராளமாகப் போதும், அண்ணாச்சி. எனக்கு உங்கள் கழுத்து மேல்தான் சந்தேகம். நீங்கள் போடுவது புரோகிரஸிவ் கண்ணாடியா (தூரம், நடுத்தூரம், கிட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே கண்ணாடி)? திரையைப் பார்க்கத் தாடையைத் தூக்குகிறீர்களா? மானிட்டர் எதன்மேல் இருக்கிறது?

பொடியெழுத்து:
போன வருடம் வெள்ளெழுத்துக்கு எழுதித் தந்தது புரோகிரஸிவ்தான். மானிட்டருக்கு அடியில் பழைய காலண்டர் ஆல்பம் மூன்று வைத்திருக்கிறேன். உங்கள் பதிலைப் படிக்கும்போதே தாடை மேலேதான் இருந்தது.

சாளேசுரம்:
அதேதான். அந்தக் கண்ணாடியில் கிட்டத்துப் பார்வை கீழ்ப்பகுதியில் இருக்கும். கைக்கெட்டும் தூரத்துக்கான இடம் நடுவில் குறுகலாகத்தான் இருக்கும். திரையை உயர்த்தி வைத்தால், கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பதற்குக் கழுத்தை வளைத்துத்தான் ஆக வேண்டும். கண்ணும் அகலத் திறந்து இன்னும் சீக்கிரம் காயும்.

ஆல்பங்களை எடுத்துவிடுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரட்டும். பிறகு, வழக்கம்போல் உட்கார்ந்துகொண்டு, கண்ணிலிருந்து திரை வரை யாரையாவது டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கண் மருத்துவரிடம் கொடுத்து, அந்தத் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி கேளுங்கள். பெரும்பாலும் நாம் அளவைச் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை. கண் அழுத்தத்தையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள், நாற்பதைத் தாண்டியாயிற்று. இமைத்தும் மங்கல் விலகாவிட்டாலோ, உருவம் இரண்டாகத் தெரிந்தாலோ, கடுமையாக வலித்தாலோ காத்திருக்க வேண்டாம்.

பொடியெழுத்து (12 நாள் கழித்து):
62 செ.மீ. வந்தது. அளந்த பையன் நான் ஏதோ சட்டைக்கு அளவு கொடுக்கிறேன் என்று நினைத்துவிட்டான். கண் அழுத்தம் சரியாக இருக்கிறதாம். விசிறியைத் திருப்பியாயிற்று, ஆல்பங்கள் அலமாரிக்குப் போய்விட்டன. கழுத்து வலி பாதி குறைந்துவிட்டது. 3 மணிக்கு வந்த எரிச்சல் இப்போது 5 மணிக்குத்தான் வருகிறது. புதுக் கண்ணாடி புதன்கிழமை கிடைக்கும். போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.