கோயம்புத்தூர் – மெல்போர்ன்: அம்மா தனியா போறாங்க, மொத்தம் எத்தனை மணி நேரமுங்க?

கோபிக்காரன்:
வணக்கமுங்க. மெல்போர்ன்ல இருக்கற தங்கச்சிக்கு ஜனவரில பிரசவம். துணைக்கு அம்மா போறாங்க. 64 வயசு, இதுவரைக்கும் விமானம் ஏறுனதில்லை. இணையத்துல தேடுனா 8,900 கிலோமீட்டர், 11 மணி நேரம்னு வருது. டிக்கெட் பாத்தா 16 மணி, 22 மணி, 30 மணின்னு காட்டுது. எதை நம்பறதுங்க? சிங்கப்பூர் வழி ரொம்பச் சுத்தா?

சூலூர் அக்கா:
தம்பி, அந்த 8,900ங்கிறது பூமி உருண்டை மேல நூல் புடிச்சு அளந்த மாதிரி தூரம். அதை மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்துல வகுத்து, ஏறி எறங்க அரை மணி சேத்து 11னு போட்டுட்டாங்க. நேராப் போற விமானம் நம்மூர்ல இருந்து கெடையாது.

சிங்கப்பூர் சுத்தே இல்லீங்க. பீளமேட்டுல இருக்கற நம்ம கோயம்புத்தூர் ஏர்போர்ட்ல இருந்து அங்க சுமார் 3,170, அங்கிருந்து மெல்போர்ன் 6,030. கூட்டுனா 9,200. முன்னூறு கிலோமீட்டர்தான் கூட. துபாய், ஷார்ஜா வழி மலிவா வந்தாலும் தொடாதீங்க. மேக்கால போயிட்டுத் திரும்பக் கெழக்கால வரோணும், அந்த 30 மணியெல்லாம் அப்படி வர்றதுதான்.

இப்பக் கணக்கு சொல்றேன். ராத்திரி 1 மணிக்கு விமானம்னு வெச்சுக்கோங்க. மூணு மணி நேரம் முந்தி ஏர்போர்ட்ல இருக்கோணும், கோபியில இருந்து அவிநாசி வழியா ரெண்டு மணி நேரம்; அப்ப 8 மணிக்கே கெளம்போணும். நாலரை மணி நேரத்துல சிங்கப்பூர், அங்க காலைல 8. நாலு மணி நேரம் காத்திருப்பு. அப்புறம் ஏழரை மணி நேரம். எறங்கறப்ப மெல்போர்ன்ல ராத்திரி பத்தரை, நம்மூர்ல சாயந்திரம் 5. வெளிய வந்து தங்கச்சி வீடு சேர ரெண்டு மணி. வாசலுக்கு வாசல் 23 மணி நேரமுங்க. ஜனவரில அவங்க கடிகாரம் நமக்கு அஞ்சரை மணி முன்னால. ஏப்ரலுக்கு மேல நாலரைதான்.

காத்திருப்பு ஒன்றரை மணி நேரம்னு இருக்கற டிக்கெட்டைப் போடவே போடாதீங்க. முதல் விமானம் கொஞ்சம் தாமதமானா அம்மா தனியா என்ன பண்ணுவாங்க? ரெண்டு விமானமும் ஒரே டிக்கெட்டா இருக்கோணும், அப்பத்தான் பை நேரா மெல்போர்ன் போகும். வீல்சேர் உதவியை டிக்கெட் போடறப்பவே கேட்ருங்க. நடக்கத் தெம்பு இருந்தாலும் கேளுங்க. சாங்கியில, அதான் சிங்கப்பூர் ஏர்போர்ட்ல, அடுத்த விமானம் ஏறற வாசல் வரைக்கும் ஆளே கூட்டிட்டுப் போவாங்க.

பெருந்துறை பாலு:
சென்னை போய் ஏறுனா மலிவுங்களே?

சூலூர் அக்கா:
சென்னைக்கு ரயில்ல ஏழெட்டு மணி நேரமுங்க. நமக்குச் சரி, 64 வயசு அம்மாவுக்கு வேண்டாம்.

கோபிக்காரன்:
ரொம்ப நன்றிங்கக்கா. திரும்பி வரவும் இதே நேரந்தானுங்களா? பருப்புப் பொடி, கறிவேப்பிலையெல்லாம் கட்டி வெச்சுட்டு இருக்காங்க, விடுவாங்களா?

சூலூர் அக்கா:
வர்றப்ப எதிர்காத்து. தெக்கு ஆஸ்திரேலியா மேல மேக்குக் காத்து பலமா அடிக்கும், அதனால மெல்போர்ன் – சிங்கப்பூர் கால் மணி, அரை மணி கூட ஆகும்.

பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை எதுவும் வேண்டாமுங்க, எடுத்துருவாங்க. பொடி கொண்டு போகட்டும். ஆனா விமானத்துல குடுக்கற அட்டையில சாப்பாட்டுப் பொருள் இருக்குதான்னு கேக்கற எடத்துல 'ஆமா'ன்னே குறிக்கோணும். சொல்லாம விட்டா அபராதம். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராதுன்னா, அந்த அட்டையோட மாதிரி ஒண்ணை நீங்களே நிரப்பி, பாத்து எழுதறாப்புல அவங்க கைப்பையில வெச்சு அனுப்புங்க.