மறு: கார் வெளிப்புற ட்ரிம் பேனலுக்கு என்ன சொல்? ‘கவசம்’னு வெச்சுக்கலாம்னு தோணுது

எல்லாருக்கும் வணக்கம்,

கார் ட்ரிம் பேனலுக்கும் (பாடி மேல வெளிய பொருத்தி வர்ற பிளாஸ்டிக், குரோம் பாகங்கள்) அதைக் கழட்டிக் கழுவற வேலைக்கும் தமிழ்ச்சொல் தேடற இந்த இழையை நாலு நாளா படிச்சுட்டேதான் இருந்தேன், பதில் போட நேரம் கிடைக்கல, ஏன்னா இதே வேலையை வீட்டு வாசல்ல உக்காந்து செஞ்சுட்டு இருந்தேன். போன சனி ஞாயிறு ரெண்டு நாளும் என் ஒன்பது வருஷ வண்டியோட நாலு சக்கர வளைவு பிளாஸ்டிக்கு, ரெண்டு பக்கமும் கதவுக்குக் கீழ ஓடற நீளப் பட்டை, வைப்பர் அடியில இருக்கற பேனல், இதெல்லாத்தையும் கழட்டி கழுவி மறுபடி மாட்டினேன். நகக்கண்ணுல இன்னும் அந்தக் கறுப்பு போகல. அதனால இந்தச் சொல்லைப் பத்தி எனக்கு இப்ப அழுத்தமா ஒரு கருத்து இருக்கு, கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

> ட்ரிம் என்பது அழகுக்காகப் பொருத்தப்படுவது. ஆகவே ‘ஒப்பனைப் பட்டை’ அல்லது ‘அலங்காரத் தகடு’ என்பதே பொருந்தும்.

ஐயா, நீங்க நம்ம சொல் பட்டியலுக்கு எவ்வளவோ சொல் குடுத்திருக்கீங்க, ஆனா இதுல மட்டும் எனக்கு உடன்பாடு இல்ல. அலங்காரம்னு பேர் வெச்சா அதை வெளிய இருந்து துடைச்சா போதும்னு ஆகிடும். நடக்கறதும் அதுதான், வாட்டர் வாஷ் விடற இடத்துல மேல பளபளன்னு ஏதாவது தடவி அனுப்பிடறாங்க, உள்ள என்ன இருக்குன்னு யாரும் பாக்கறதில்ல. நான் பின்பக்க இடது சக்கர வளைவைக் கழட்டினப்ப உள்ள இருந்து விழுந்த மண்ணை ஒரு முறத்துல அள்ளினேன், முறம் ரொம்பிடுச்சு. மேல காஞ்ச மண்ணு, அடியில கையில ஒட்டற ஈரச் சேறு, மழை நின்னு மூணு வாரம் ஆகியும் ஈரம். அந்தச் சேறு ஒட்டியிருந்த இடத்துல பெயிண்ட் சின்னச் சின்னதா கொப்புளிச்சு இருந்துச்சு, நகத்தால சுரண்டினா உள்ள துரு. ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கற மண்ணு, காத்து போக வழி இல்லாத இடுக்கு, பிளாஸ்டிக் ஓரம் உரசி உரசி தேஞ்சு போன பெயிண்ட், இந்த மூணும் ஒரே இடத்துல சேந்தா தகடு தாங்காது. கதவுக்குக் கீழ ஓடற ரன்னிங் போர்டுக்கு அடியில தண்ணி வடியறதுக்குன்னு துளை விட்டிருப்பாங்க, அதுல ரெண்டு துளை மண்ணால முழுசா அடைபட்டு இருந்துச்சு.

அந்தப் பிளாஸ்டிக் இல்லன்னா டயர் அடிக்கற கல்லு நேரா மட்கார்டு பெயிண்ட்ல படும். அப்ப அது செய்யற வேலை காப்பு. அழகு கூடவே வர்றது. காப்பும் அழகும் ஒண்ணா இருக்கற, கழட்டி மாட்டக்கூடிய, உடம்போட வடிவத்துக்கே செஞ்ச ஒரு பொருள், இதுக்கு நம்மகிட்ட ஏற்கனவே ஒரு சொல் இருக்கு: கவசம்.

கோயில்ல சாமிக்கு வெள்ளிக்கவசம் சாத்தறதைப் பாத்தவங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். சாத்துவாங்க, களைவாங்க, உள்ள இருக்கற திருமேனிக்கு அபிஷேகம் பண்ணுவாங்க, மறுபடி சாத்துவாங்க. திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரர் வருஷம் முழுக்க கவசத்துக்குள்ளதான் இருப்பார், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூணு நாள் மட்டும் கவசம் இல்லாம தரிசனம், அந்த மூணு நாளும் கூட்டம் எப்படி இருக்கும்னு வடசென்னைக்காரங்களுக்குத் தெரியும். கவசம்னு சொன்ன உடனே அதுக்கு உள்ள ஒண்ணு இருக்கு, அப்பப்ப களையணும்ங்கற நினைப்பும் சேந்தே வருது. ‘பட்டை’லயோ ‘தகடு’லயோ அந்த நினைப்பு வராது.

> கவசம் வடசொல். சங்க இலக்கியத்திலேயே ‘மெய்ம்மறை’ இருக்க ஏன் கடன் வாங்க வேண்டும்?

பதிற்றுப்பத்துல ‘சான்றோர் மெய்ம்மறை’ன்னு சேர மன்னனைச் சொல்றது எனக்கும் ரொம்பப் பிடிச்ச இடம், வீரர்களுக்கு உடம்பை மறைக்கற கவசம் மாதிரி நிக்கறவன்னு பொருள். ஆனா அம்மா, இதை ஒரு டிங்கர் கடையில போய்ச் சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அங்க காதுல விழறது ‘மரை’. போல்ட்டு மரை, நட்டு மரை, மரை தேஞ்சு போச்சு. ‘முன் மெய்ம்மறையைக் கழட்டு’ன்னா எந்த போல்ட்டுன்னு திருப்பிக் கேப்பாங்க. எழுத்துல றகரம் ரகரம் வேற வேற, ஆனா சத்தமான ஒரு பட்டறையில வாயால சொல்லும்போது அந்த வித்தியாசம் நிக்காது. ‘கவசம்’ வடசொல்தான், நான் மறுக்கல. ஆனா தலைக்கவசம் ரொம்ப வருஷமா போலீஸ் போர்டுல இருந்து பள்ளிக்கூடப் பாடம் வரைக்கும் இருக்கு, 2020ல முகக்கவசம் சில மாசத்துலயே எல்லார் வாய்லயும் வந்துடுச்சு, யாரும் யாருக்கும் பொருள் சொல்லிக் குடுக்கல. அப்படி உயிரோட இருக்கற, முன்னாடி எதைச் சேத்தாலும் ஒட்டிக்கற சொல்லை விட்டுட்டு வேற தேடணுமான்னுதான் கேக்கறேன்.

மத்த பரிந்துரைகளைச் சுருக்கமா சொல்லிடறேன். ‘வெளியுறை’ன்னா மழைக்கு வண்டி மேல போத்தற துணிக் கவர்னு நினைப்பாங்க. ‘புறப்பட்டை’ வேகமா படிச்சா ‘புறப்பட்ட’ன்னு கண்ணு தடுமாறுது. ‘கரைப்பட்டை’ எனக்கு ஒரு நாள் முழுக்க மனசுல இருந்துச்சு, புடவைக் கரை மாதிரி ஓரத்துக்கு உறுதியும் அழகும் சேத்துத் தர்றதுன்னு நல்ல உவமை, ஆனா நாம பேசறதே கறை எடுக்கறதைப் பத்தி, ‘கரைப்பட்டையில் கறை’ன்னு எழுதிப் பாத்தேன், வேண்டாம்னு விட்டுட்டேன்.

அதனால என் முன்மொழிவு: சக்கரவளைவுக் கவசம், கதவடிக் கவசம், பக்கக் கவசம். குரோம் பூச்சு போட்டு கிரில்லு மேல ஒட்டி வர்றது உண்மையிலேயே அழகுக்கு மட்டும்தான், அதுக்கு ஐயா சொன்ன அலங்காரம்ங்கற பொருள்லயே ‘அணி’ன்னு வெச்சுக்கலாம், கிரில் அணி, கதவு அணி. பம்பர், பீடிங் (ஓரத்துல ஓடற மெல்லிசான பட்டை) ரெண்டையும் தொட வேண்டாம்னு நினைக்கறேன். பீடிங்கை தச்சர் முதல் கார் கடை வரைக்கும் தமிழாவே புழங்கறாங்க, அதுக்குப் புதுசா ஒண்ணு கட்டினா சீண்ட ஆள் இருக்காது.

இப்ப வைப்பர் அடியில இருக்கற பேனல். இதுக்குத்தான் எனக்கு நல்ல சொல் கிடைச்சதா ஒரு சந்தோஷம். முன் கண்ணாடி சரிஞ்சு வந்து பானட்டைத் தொடற பள்ளம் அது, கண்ணாடியில விழற மழைத்தண்ணி மொத்தமும் அங்கதான் வருது, ரெண்டு ஓரத்துலயும் துளை வழியா கீழ வடிஞ்சு போகணும். மரத்தடியில வண்டி நிறுத்தறவங்களுக்கு அந்தத் துளையில வேப்பிலையும் பூவும் அடைச்சுக்கும், தண்ணி தேங்கும், ஏசிக்கு வெளிக்காத்து இழுக்கற வாயும் நிறைய வண்டியில அங்கயேதான் இருக்கு, அதனால முதல்ல மக்கின வாடை, அப்புறம் காலடியில போட்டிருக்கற மேட் ஈரம். ஓட்டு வீட்டுல ரெண்டு கூரை சந்திக்கற பள்ளத்துக்கு என்ன சொல்லுவோம்? கூடல்வாய். மழைக்கு முன்னாடி கூடல்வாய்ல இலை அள்ளலன்னா கூடத்துல ஒழுகும்னு எங்க தாத்தா ஒவ்வொரு ஐப்பசிக்கும் ஏணி போட்டு ஏறுவார். அதே இடம், அதே தண்ணி, அதே இலை, அதே ஒழுகல். ‘கூடல்வாய்க் கவசம்’னு வெச்சா அதைத் திறந்து இலை அள்ளணும்ங்கறது பேர்லயே வந்துடுது.

அதைக் கழட்டறப்ப ஒரு விஷயம், வைப்பர் கை கண்ணாடியில எந்த இடத்துல படுத்திருக்குன்னு முதல்ல ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறிச்சுக்கணும். நட்டை எடுத்த பிறகு கை பல் பல்லா இருக்கற தண்டுல இறுகி இருக்கும், மேல இழுக்காம பக்கவாட்டுல ஆட்டி ஆட்டி எடுக்கணும். குறி இல்லாம மாட்டினா வைப்பர் ஒண்ணு பீடிங்ல போய் அடிக்கும்.

அடுத்தது, இந்தக் கவசங்களை பாடியோட பிடிச்சு வெக்கற கிளிப்பு. கிளிப்புங்கற பொதுப்பேர் அப்படியே இருக்கட்டும், ஆனா வகைக்குப் பேர் வேணும், ஏன்னா ஒவ்வொண்ணையும் எடுக்கற விதம் வேற.

> ஊசியிலை மர வடிவக் கவ்வி எனலாமா?

அந்த மரத்தைப் பாத்தே இராத ஊர்ல அந்தப் பேர் எப்படி ஒட்டும்? நடுவுல ஒரு தண்டு, ரெண்டு பக்கமும் சாஞ்ச செதில், உள்ள போகும்போது மடங்கி வழி விடும், வெளிய வரும்போது விரிஞ்சு சிக்கும். தொண்டையில சிக்கின மீன்முள் மாதிரி. வடிவமும் அதுதான் குணமும் அதுதான். மீன்முள் கிளிப்பு. போன வாரம் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில உடைஞ்சதைக் காட்டி ‘இந்த மீன்முள் மாதிரி இருக்கறது பத்து வேணும்’னேன், கடைப் பையன் துளை அளவு மட்டும் கேட்டுட்டு உள்ள திரும்பி ‘அண்ணே அந்த மீன்முள்ளு டப்பாவை எடுங்க’ன்னு குரல் குடுத்தான். நான் சொல்லி பத்து செகண்ட் கூட ஆகல. இதைவிட எனக்கு வேற சான்று வேண்டாம்.

இன்னொரு வகை, நடுவுல ஒரு சின்ன ஆணி இருக்கும், அதை அமுக்கினா கால் விரிஞ்சு பிடிச்சுக்கும். தச்சர் ஆப்பு அடிக்கற அதே தத்துவம், அதனால ஆப்புக் கிளிப்பு. இந்தப் பேர் தெரிஞ்சா எடுக்கற விதமும் தெரிஞ்சுடும், முதல்ல ஆப்பை உருவு, அப்புறம்தான் உடம்பை. தெரியாதவங்க முழுசா நெம்பி உடைச்சுடறாங்க. நெம்பறதுக்கு வர்ற பிளாஸ்டிக் கருவியை ‘நெம்பி’ன்னே சொல்லலாம், ஸ்க்ரூடிரைவர் வெச்சு நெம்பினா பெயிண்ட்ல கோடு விழும், அந்தக் கோட்டுலதான் அடுத்த துரு. இன்னொண்ணு, சில மீன்முள் கிளிப்புக்குக் கழுத்துல ஒரு ஸ்பாஞ்சோ ரப்பர் வளையமோ இருக்கும், துளை வழியா தண்ணி உள்ள போகாம இருக்கத்தான் அது, அது கிழிஞ்சிருந்தா கிளிப்பு நல்லா இருந்தாலும் மாத்திடுங்க.

ஒட்டி வர்ற பட்டைகளுக்குக் கிளிப்பு கிடையாது, இரட்டைப்பக்க டேப்தான். ஹேர் டிரையர்ல சூடு காட்டி தூண்டில் நரம்பைப் பின்னாடி விட்டு ரம்பம் மாதிரி அறுத்தா வந்துடும். திரும்ப ஒட்டறதுக்கு முன்னாடி ஐசோபுரொபைல் ஆல்கஹால் போட்டுத் துடைச்சு, நல்லா அழுத்தி, 72 மணி நேரம் தண்ணி படாம விடணும், பசை முழு பிடிப்புக்கு வர அவ்வளவு நேரம் எடுக்கும்.

> ‘டீப் கிளீனிங்’ = ஆழ்தூய்மை?

ஆழ்ந்த தூக்கம் சரி, ஆழமான தூய்மை தமிழ்ல எங்கயும் இல்ல. வீட்டுல ஃபேனை, மிக்ஸி மூடியை, ஜன்னல் வலையை என்ன பண்றோம்? கழட்டிக் கழுவறோம். ‘கழற்றிக்கழுவல்’னே வெச்சுக்கலாம், அதுல செய்முறையும் இருக்கு. மண்ணு இருக்கற பிளாஸ்டிக்கை உடனே தேய்க்காம முதல்ல தண்ணி ஊத்தி ஊற விட்டு மண்ணு தானா இறங்கின பிறகு ஷாம்பு, மென்மையான பிரஷ். டீசல், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், கறுப்பா தெரியும், ரெண்டு நாள்ல தூசியைக் கூடுதலா பிடிக்கும், பக்கத்துல இருக்கற கதவு ரப்பரை ஊத வைக்கும். கழட்டின கவசத்தோட முதுகைப் பாருங்க, ரெண்டு அம்புக்குறிக்கு நடுவுல அது என்ன பிளாஸ்டிக்னு சொல்ற எழுத்து அச்சாகி இருக்கும், ஐஎஸ்ஓ 11469 முறைப்படி போடறது. என்னோடதுல பிபி ப்ளஸ் இபிடிஎம், டிடி20ன்னு இருந்துச்சு, பாலிபுரொப்பிலீன்ல ரப்பர் கலந்து 20 சதவீதம் டால்க் தூள் சேத்ததுன்னு அர்த்தம். வருஷக்கணக்கா வெயில் பட்டு மேல்தோல் சிதைஞ்சு போனா கையில மாவு மாதிரி வெள்ளையா ஒட்டும். அதுக்கு யாரோ ‘சுண்ணாம்பாதல்’னு போட்டிருந்தீங்க. அது சுண்ணாம்பு இல்லயே, நம்மகிட்ட ‘நீறுபூத்தல்’ இருக்கு, தணல் மேல படியற சாம்பல் மாதிரி மேலாக்க படிஞ்சு உள்ள வேற நிறமா இருக்கற நிலை. நீறுபூத்த கவசம்னா பாக்காமயே புரியுது.

இன்னும் எனக்குச் சொல் கிடைக்காதது ஒண்ணே ஒண்ணு. கதவுக் கண்ணாடி இறங்கற இடுக்குல வெளிப்பக்கமா படுத்திருக்கற ரப்பர் பட்டை, கண்ணாடியை வழிச்சுக்கிட்டே இறக்கறது. கடையில ‘கண்ணாடி ரப்பர்’னு மொத்தமா சொல்றாங்க, ஆனா சுத்தி இருக்கற ரப்பரையும் அதே பேர்லதான் கேக்கறோம், மாத்திக் குடுத்துடறாங்க. இட்லி மாவு வழிக்கற கரண்டி ஞாபகத்துல ‘வழிப்புப் பட்டை’ன்னு எழுதிப் பாத்தேன், மனசுக்கு நிக்கல. மதுரை, கோவைப் பக்கம் பட்டறையில இதுக்குத் தனியா பேர் இருந்தா எழுதுங்க, யாழ்ப்பாணத்து நண்பர்களும் உங்க கராஜ்ல என்ன சொல்றாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க, அதை வெச்சு இந்தப் பட்டியலைத் திருத்தி மறுபடி அனுப்பறேன்.

அன்புடன்