வலிமையான ஆறு போகிமான்கள் இருந்தும் அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது: இணையப் போட்டிக்கு முன் ஆலோசனை தேவை

வெண்கொற்றன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நண்பர்கள் சிலர் சேர்ந்து போகிமான் ஸ்கார்லெட், வயலெட் ஆட்டங்களில் நடத்தும் இணையப் போட்டி ஒன்றில் இன்னும் மூன்று வாரங்களில் முதன்முறையாகக் கலந்துகொள்ளவிருக்கிறேன். விதிகள் விஜிசி எனப்படும் அதிகாரப்பூர்வப் போகிமான் போட்டி முறையைத் தழுவியவை. இரட்டையர் ஆட்டம் (இரு தரப்பிலும் ஒரே நேரத்தில் இரண்டு போகிமான்கள் களத்தில் நிற்கும்), எல்லாப் போகிமான்களும் 50ஆம் லெவல், ஆறு போகிமான்களைப் பதிவுசெய்து, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அவற்றில் நான்கை மட்டும் களமிறக்க வேண்டும். ஒரே ஐட்டத்தை (போகிமான் ஏந்தும் துணைப்பொருள்) இரண்டு போகிமான்களுக்குக் கொடுக்க முடியாது. லெஜண்டரி, பாரடாக்ஸ் என்னும் சிறப்புப் பிரிவுப் போகிமான்களுக்கு அனுமதியில்லை. மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றவரே வெற்றியாளர், எதிராளியின் அணித்தாளும் தொடக்கத்திலேயே நமக்குக் காட்டப்படும்.

என் அணியில் கார்ச்சோம்ப், டிராகாபல்ட், டிராகனைட், வால்கரோனா, கோல்டெங்கோ, கிங்காம்பிட் ஆகிய ஆறும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் வலிமையானது என்பதாலும், ஆறும் சேர்ந்து பெரும்பாலான வகைகளைச் சிறப்பாகத் தாக்கும் என்பதாலும் இவற்றைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் போகிமான் ஷோடவுன் என்னும் இணைய ஆட்டத்தளத்தில் ஆடிய 20 பயிற்சி ஆட்டங்களில் ஆறில்தான் வென்றேன். முதல் சுற்றிலேயே ஃபேக் அவுட் என்னும் மூவை (மூவ் என்பது ஒரு சுற்றில் போகிமான் எடுக்கும் நடவடிக்கை; இது எதிரியைத் திடுக்கிடச் செய்து அந்தச் சுற்றை இழக்கவைக்கும்) வாங்கி என் தாக்குதல் நின்றுவிடுகிறது. அல்லது எதிராளி டிரிக் ரூமை அமைத்துவிட, வேகமான என் போகிமான்கள் எல்லாம் கடைசியில் நகர்கின்றன. தவறு என் ஆட்டத்தில் இருக்கிறதா, அணியிலேயே இருக்கிறதா என்று எனக்குப் புரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

காற்றாடி:

வணக்கம் நண்பரே. உங்கள் பட்டியலைப் பார்த்ததும் என் முதல் அணி நினைவுக்கு வந்தது, அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நீங்கள் ஆறு போகிமான்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், ஆனால் எந்த இரண்டு அருகருகே நிற்கப்போகின்றன என்பதை இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை. இரட்டையர் ஆட்டத்தில் அணி கட்டுவது அந்த இரண்டாவது தேர்விலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் கார்ச்சோம்ப்பின் எர்த்குவேக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அது களத்தில் உள்ள மற்ற மூவரையும், அதாவது உங்கள் கூட்டாளியையும் சேர்த்தே தாக்கும். அருகில் கோல்டெங்கோவோ கிங்காம்பிட்டோ நின்றால், இரண்டும் ஸ்டீல் வகை என்பதால் இரண்டு மடங்கு அடி வாங்கும். வால்கரோனாவுக்கும் டிராகாபல்ட்டுக்கும் முழு அடி விழும். பறக்கும் வகையான டிராகனைட் மட்டுமே தப்பிக்கும். ஆக, அணியில் ஐந்து துணைகள் இருந்தும் எர்த்குவேக்கை அச்சமின்றிப் பயன்படுத்த ஒரே ஒரு ஜோடிதான் உங்களிடம் இருக்கிறது. இதை ஸ்டாம்ப்பிங் டான்ட்ரமாக மாற்றுங்கள். ஒருவரை மட்டும் தாக்கும் மூவ் என்பதால் கூட்டாளிக்கு ஆபத்தில்லை. ஒன்றுக்கு மேற்பட்டவரை ஒருசேரத் தாக்கும் மூவ்களின் சேதம் 75 விழுக்காடாகக் குறைந்துவிடுவதால், நீங்கள் நினைக்கும் அளவுக்கு இழப்பும் இராது.

அடுத்தது வேகம். எதிராளி டெயில்விண்ட் போட்டு தன் வேகத்தை இரட்டிப்பாக்கினாலோ, டிரிக் ரூம் போட்டு வரிசையைத் தலைகீழாக்கினாலோ, உங்கள் அணியிடம் அதற்குப் பதில் இல்லை. வேகமான போகிமான்களை வைத்திருப்பது வேறு, வேகத்தைக் கட்டுப்படுத்துவது வேறு. டிராகாபல்ட்டின் இடத்தில் விம்சிகாட்டை வைத்துப் பாருங்கள். பிராங்ஸ்டர் என்னும் அதன் திறனால் டெயில்விண்ட் முன்னுரிமையோடு, அதாவது வேகத்தைப் பொருட்படுத்தாமல் முன்னதாக, விழும். போகிமான் ஆட்டங்களின் எட்டாம் தலைமுறையிலிருந்து வேக மாற்றம் அதே சுற்றிலேயே நடைமுறைக்கு வருவதால், அருகில் நிற்கும் கோல்டெங்கோ அந்தச் சுற்றிலேயே இரட்டை வேகத்தில் தாக்கும். டெயில்விண்ட் நீடிக்கும் நான்கு சுற்றுகளில் ஒன்றுகூட வீணாகாது.

டிராகனைட்டின் இடத்தில் இன்சினரோரைப் பரிந்துரைக்கிறேன். அதன் திறனான இன்டிமிடேட் களமிறங்கியவுடன் எதிரிகள் இருவரின் தாக்குதலையும் ஒரு படி குறைக்கும், ஃபேக் அவுட் ஒரு சுற்றை வாங்கித் தரும், பார்ட்டிங் ஷாட் எதிரியைப் பலவீனப்படுத்திவிட்டுப் பின்வாங்க உதவும். வால்கரோனாவைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். அதை நீங்கள் குவிவர் டான்ஸ் ஆடித் தன் வலிமையைக் கூட்டிக்கொள்ளும் தாக்குதல்காரனாகத்தான் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது ரேஜ் பவுடரையும் கற்கும். எதிரிகளின் அடிகளைத் தன்மேல் இழுத்துக்கொண்டு பக்கத்திலிருப்பவரைக் காக்கும் அந்த வேலைக்கு உங்கள் அணியில் இப்போது ஆளே இல்லை.

எண்சுவடி:

காற்றாடி சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். இன்சினரோருக்குப் பதிலாக ரில்லாபூமைச் சேர்க்கலாமா என்று யாராவது கேட்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரில்லாபூம் உருவாக்கும் கிராஸி டெரெய்ன் என்னும் புல்தரைச் சூழல், தரையில் நிற்பவர்கள் மேல் விழும் எர்த்குவேக்கின் வலிமையைப் பாதியாக்கிவிடும். ஸ்டாம்ப்பிங் டான்ட்ரத்துக்கு அந்தத் தடை இல்லை. எனவே எர்த்குவேக்கை விட மனமில்லாவிட்டால் ரில்லாபூம் பக்கம் போகாதீர்கள்.

நான் பேச விரும்புவது ஈவி புள்ளிகளைப் பற்றி, அதாவது தாக்குதல், வேகம் போன்ற அளவுகளை உயர்த்த ஒவ்வொரு போகிமானுக்கும் நாம் பங்கிடும் பயிற்சிப் புள்ளிகளைப் பற்றி. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தாக்குதலுக்கு 252, வேகத்துக்கு 252 என்று கொட்டிவிட்டு, மிச்சத்தை எங்காவது போட்டுவிடுகிறார்கள். டெயில்விண்ட் உள்ள அணியில் அது பெரும் விரயம். உங்கள் கோல்டெங்கோவை வைத்தே கணக்கைக் காட்டுகிறேன். இந்த விதிகளில் நீங்கள் அஞ்ச வேண்டிய வேகமான எதிரிகளில் டிராகாபல்ட் முக்கியமானது. வேகத்தைக் கூட்டும் நேச்சரும் (ஓர் அளவைச் சற்றுக் கூட்டி இன்னொன்றைக் குறைக்கும் சுபாவம்) 252 ஈவியும் சேர்ந்தால், 50ஆம் லெவலில் அதன் வேகம் 213. டெயில்விண்டில் அதைத் தாண்ட உங்களுக்கு இயல்பு வேகம் 107 போதும், ஏனென்றால் இரட்டித்தால் 214. வேகத்தில் ஈவி எதுவும் போடாத, நேச்சரும் வேகத்தைத் தொடாத கோல்டெங்கோவின் வேகம் 104. இந்த லெவலில் முதல் 4 ஈவிக்கு ஒரு புள்ளியும், அதற்குப்பின் ஒவ்வொரு 8 ஈவிக்கும் ஒரு புள்ளியும் கிடைக்கும் என்பதால், வெறும் 20 ஈவியில் 107ஐ எட்டிவிடலாம்.

சிறப்புத் தாக்குதலுக்கு 252, வேகத்துக்கு 20 போக மீதமுள்ள 236ஐ உயிர்ப்புள்ளியில் போட்டால், 162 என்பது 192 ஆகிறது. முன்பு ஒரே அடியில் விழுந்த கோல்டெங்கோ பல இடங்களில் தாங்கி நின்று திருப்பி அடிக்கும். அணித்தாள் திறந்திருக்கும் போட்டியில் உங்கள் மூவ்கள், ஐட்டம், திறன், டெரா வகை (ஆட்டத்தின் நடுவே போகிமான் மாறிக்கொள்ளக்கூடிய வகை) எல்லாம் எதிராளிக்குத் தெரியும், ஆனால் ஈவிப் பங்கீடு தெரியாது. அதனால் இந்தக் கணக்கில் செலவிடும் ஒரு மணி நேரம் வேறு எந்தத் தயாரிப்பையும்விட அதிகப் பலன் தரும் என்று உறுதியாக நம்புகிறேன். சேதக் கணிப்பான் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. "இந்த எதிரியின் இந்த அடியை இது தாங்க வேண்டும்" என்று ஒவ்வொரு போகிமானுக்கும் ஒரு குறிக்கோளை எழுதிவைத்துக்கொண்டு பங்கிடுங்கள்.

வெண்கொற்றன்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எண்சுவடி சொன்ன கணக்கை நானே மறுபடி போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. இப்போது விம்சிகாட், இன்சினரோர், கோல்டெங்கோ, கிங்காம்பிட், கார்ச்சோம்ப், வால்கரோனா என்று அணியை மாற்றி 12 ஆட்டங்கள் ஆடினேன், ஏழில் வெற்றி. ஆனால் மழையை வரவழைக்கும் பெலிப்பரும் ஆர்க்கலூடானும் சேர்ந்து வரும் மழை அணியிடம் மூன்று முறை தோற்றேன். ஆர்க்கலூடானின் எலக்ட்ரோ ஷாட் மழையில் காத்திருக்காமல் உடனே பாய்கிறது, அதோடு அதன் சிறப்புத் தாக்குதலும் ஏறிவிடுகிறது. டிரிக் ரூமிடமும் இன்னும் தடுமாறுகிறேன்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். டிராகனைட்டை விட்டுவிட மனம் ஒப்பவில்லை. நான் ஆடிய முதல் ஆட்டத்திலிருந்து என் அணியில் அது இருந்து வந்திருக்கிறது. விருப்பத்துக்காக ஒரு போகிமானை வைத்துக்கொள்வது போட்டியில் தவறாகுமா?

நெடுவழி:

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது எனக்கு நெருக்கமான கேள்வி. 2014இல் வாஷிங்டன் டி.சி.யில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பை வென்ற தென் கொரியாவின் சேஜுன் பார்க் அணியில் பாச்சிரிசு இருந்தது. அடிப்படைத் தாக்குதல் 45 மட்டுமே உள்ள சின்னஞ்சிறு அணில் அது. ஆனால் நீர், பறக்கும் வகையான அவருடைய கியாரடோஸுக்கு மின்சாரத் தாக்குதல் நான்கு மடங்கு வலிக்கும். பாச்சிரிசு ஃபாலோ மீ போட்டு அந்த மின்சாரத்தைத் தன்மேல் இழுத்து, வோல்ட் அப்சார்ப் திறனால் காயத்தை ஆற்றிக்கொள்ளும். அந்த அணியில் அந்த வேலையை அதைவிடச் சிறப்பாகச் செய்ய வேறொன்று எளிதில் கிடைத்திருக்காது. ஆகவே டிராகனைட்டை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்கு ஒரு வேலையைக் கொடுங்கள்.

உங்கள் அணியில் அந்த வேலை காத்திருக்கிறது என்றே நினைக்கிறேன். இங்கே காற்றாடியிடமிருந்து மாறுபடுகிறேன்: டிராகனைட்டுக்காக வெளியேற வேண்டியது வால்கரோனா. இன்சினரோரும் வால்கரோனாவும் நெருப்பு வகை. மழையில் இரண்டும் நீர்த் தாக்குதலுக்கு எளிதில் இரையாகின்றன. டிராகனைட் நீரைத் தாங்கும். அதற்கு இன்னர் ஃபோகஸ் திறனைக் கொடுத்தால் எதிராளியின் இன்டிமிடேட்டும் பலிக்காது, ஃபேக் அவுட் அதைத் திடுக்கிடச் செய்யவும் முடியாது. நார்மல் டெராவோடு எக்ஸ்ட்ரீம் ஸ்பீடு வைத்தால், முன்னுரிமை உள்ள மூவ் என்பதால் டிரிக் ரூமுக்குள்ளும் முதலில் பாயும். ரேஜ் பவுடரை இழப்பது உண்மையான இழப்புதான், அதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன தோல்விகளில் ஒன்றைக்கூட அது தடுத்திருக்காது.

மழைக்குப் பதில் உங்களிடமே இருக்கிறது. விம்சிகாட் சன்னி டேயைக் கற்கும், பிராங்ஸ்டரால் அது முன்னுரிமையோடு விழும். ஆர்க்கலூடான் எலக்ட்ரோ ஷாட்டைத் தேர்ந்தெடுத்த அதே சுற்றில் வெயிலை வரவழைத்தால், அது அந்தச் சுற்றில் பாயாமல் மின்னேற்றம் செய்துகொண்டு நிற்கும். சிறப்புத் தாக்குதல் ஒரு படி ஏறத்தான் செய்யும், ஆனால் உங்களுக்கு ஒரு முழுச் சுற்று கிடைக்கிறது. பக்கத்தில் கார்ச்சோம்ப் நிற்கட்டும்: நில வகையான அதை எலக்ட்ரோ ஷாட் தொடவே முடியாது, அதன் நிலத் தாக்குதலோ ஆர்க்கலூடானுக்கு இரண்டு மடங்கு வலிக்கும்.

டிரிக் ரூமைப் பொறுத்தவரை, எப்போதும் தடுத்தே ஆக வேண்டும் என்று நினைப்பதை விட்டுவிடுங்கள். டிரிக் ரூம் அணிகளில் வரும் இண்டீடி சைக்கிக் டெரெய்னை விரித்தால், டிரிக் ரூம் போன்ற மூவ்களைத் தடுக்கும் விம்சிகாட்டின் டாண்ட், டிராகனைட்டின் எக்ஸ்ட்ரீம் ஸ்பீடு, கிங்காம்பிட்டின் சக்கர் பஞ்ச் ஆகிய முன்னுரிமை மூவ்கள் எல்லாம் தரையில் நிற்பவர்கள் மேல் செல்லாது. அத்தகைய அணிகளின் இன்னொரு போகிமானான ஹாட்டரீனின் மேஜிக் பவுன்ஸ் திறனோ டாண்டைத் திருப்பி உங்கள் மீதே எறியும். ஆனால் டிரிக் ரூம் அமைக்கப்படும் சுற்றையும் சேர்த்து ஐந்து சுற்றுகள்தான் இருக்கும். அமைப்பதே அந்தச் சுற்றின் இறுதியில் என்பதால், எதிராளிக்கு உண்மையில் கிடைப்பவை நான்கு. அந்தச் சுற்றில் அடிபடாமல் காக்கும் ப்ரொடெக்ட் போட்டும் போகிமானை மாற்றியும் அவற்றில் இரண்டைக் கழித்துவிடலாம். மீதியை ஆள உங்களிடம் மெதுவான கிங்காம்பிட் இருக்கிறது. சைக்கிக் தாக்குதல் அதைத் தொடாது, இண்டீடிக்கு அதன் டார்க் தாக்குதலும் ஹாட்டரீனுக்கு அயர்ன் ஹெட்டும் இரண்டு மடங்கு. டிரிக் ரூம் அணியைப் பார்த்தால் கிங்காம்பிட்டை நால்வரில் கட்டாயம் எடுங்கள், ஆனால் முதல் ஜோடியில் அனுப்பாமல் பின்னால் வைத்திருங்கள்.

ஒரு பழக்கத்தையும் பரிந்துரைக்கிறேன். அணியைத் தேர்ந்தெடுக்கக் கிடைப்பது 90 விநாடிகள், ஒவ்வொரு சுற்றிலும் மூவைத் தேர்ந்தெடுக்க 45 விநாடிகள். அந்த நேரத்தில் புதிதாகச் சிந்திக்க முடியாது. மழை, டிரிக் ரூம், டெயில்விண்ட், இன்சினரோரும் அமூங்கஸும் சேர்ந்த நிதானமான அணி என்று நீங்கள் சந்திக்கக்கூடிய ஒவ்வொன்றுக்கும் எந்த நால்வர், அவர்களில் எந்த இருவர் முதலில் என்பதை இப்போதே தாளில் எழுதுங்கள். எழுதி முடித்தபின் ஒரு போகிமான் எந்த நால்வரிலும் இடம்பெறவில்லை என்றால், மாற்ற வேண்டியது அதுதான். தோற்றவுடன் அணியைக் கலைத்துவிடாமல் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, குறைந்தது பத்து ஆட்டங்களாவது ஆடிப் பாருங்கள்.

காற்றாடி:

வால்கரோனா பற்றி நெடுவழி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். மழைக்கு எதிராக இரண்டு நெருப்பு வகைகளை வைத்திருப்பதன் ஆபத்தை நான் எடைபோடத் தவறிவிட்டேன்.

விம்சிகாட்டின் ஐட்டம் குறித்து மட்டும் ஒன்றைச் சேர்க்கிறேன். பிராங்ஸ்டரைவிட ஃபேக் அவுட்டின் முன்னுரிமை அதிகம் என்பதால், எதிரில் இன்சினரோர் நின்றால் டெயில்விண்ட் விழுவதற்கு முன்பே விம்சிகாட் நின்றுவிடும். கோவர்ட் க்ளோக் கொடுத்தால் அந்தத் திடுக்கிடல் நடக்காது, ஆனால் ஒரே அடியில் விழாமல் காக்கும் ஃபோகஸ் சாஷை இழப்பீர்கள். கோல்டெங்கோ பேய் வகை, ஃபேக் அவுட் அதற்குப் படாது. எதிராளி விம்சிகாட்டைத்தான் குறிவைப்பார் என்பது உறுதி. ஆகவே நீங்கள் இந்த ஜோடியை முதலில் அனுப்பும் திட்டத்தில் இருந்தால் கோவர்ட் க்ளோக்கையே தேர்ந்தெடுங்கள், ஃபோகஸ் சாஷை கார்ச்சோம்ப்புக்குக் கொடுங்கள்.

வெண்கொற்றன்:

நன்றி. இன்றிரவே டிராகனைட்டைச் சேர்த்து, க்ளோக்கையும் மாற்றிவிட்டு ஆடத் தொடங்குகிறேன். நால்வர் பட்டியலில் மழைக்கும் டிரிக் ரூமுக்கும் எழுதி முடித்துவிட்டேன். அமூங்கஸ் அணிக்கு எழுதும்போது உறங்கவைக்கும் அதன் ஸ்போர் படாதவை என்று விம்சிகாட்டையும் கோல்டெங்கோவையும் முதலில் வைத்திருக்கிறேன், இன்சினரோருக்கு ஸ்போரைத் தடுக்கும் சேஃப்டி காகிள்ஸ் கொடுத்திருக்கிறேன். பத்து ஆட்டங்கள் முடிந்ததும் முடிவுகளை இங்கேயே பதிவிடுகிறேன்.