6 மி.மீ. கார்பைடு எண்ட்மில்: பத்தாவது பீஸுக்குள் கோர் தடித்துவிடுகிறது, ஏன்?

கோணம் பட்டறை:
கோணம் தொழிற்பேட்டையில் சின்னப் பட்டறை. பழசாக வாங்கிய ஐந்து அச்சு சிஎன்சி டூல் கிரைண்டர், வைர வீல். 6 மி.மீ. கார்பைடு ராடில் எண்ட்மில் (மில்லிங் வெட்டுக்கருவி) செய்கிறோம்: நாலு ஃப்ளூட் (வெட்டுப் பள்ளம்), 30 டிகிரி ஹீலிக்ஸ் (பள்ளம் சுற்றும் சாய்வு). கோர் (பள்ளங்களுக்கு நடுவே மிஞ்சும் தண்டின் விட்டம்) 3.60 மி.மீ. வர வேண்டும். முதல் பீஸ் 3.62, பத்தாவதுக்குள் 3.70. வீலைக் கூராக்கும் வெள்ளைக் குச்சிக் கல்லை வீலில் காட்டினால் மறுபடி 3.62, நாலைந்து பீஸுக்கு அப்புறம் பழைய கதைதான். போகப்போக வீல் கீச்சிடவும் செய்கிறது. போன வாரம் 8 மி.மீ. ஓட்டியபோது இந்தத் தொல்லையே இல்லை. வீல் மட்டமோ? விற்றவர் போனே எடுப்பதில்லை.

மார்த்தாண்டத்துக்காரன்:
வீல் தேயுது அண்ணே. ஆரத்தில் 0.04 தேய்ந்தால் கோரில் 0.08 ஏறும், கணக்கு சரியாக வருகிறதே. தேய்ந்த அளவை மெஷினில் ஆஃப்செட்டாகக் கொடுங்கள்.

வடசேரி அண்ணாச்சி:
தேய்மானம் என்றால் குச்சிக் கல் காட்டியதும் 3.62-க்குத் திரும்புமா? கல் காட்டினால் வீல் இன்னும் குறையத்தான் செய்யும். ஆஃப்செட்டில் கை வைக்காதே தம்பி. 3.70 எங்கே அளந்தாய்? நுனியிலும் காலெட் (ராடைப் பிடிக்கும் பிடி) பக்கமும் அளந்து சொல்.

கோணம் பட்டறை:
நுனியில் 3.70. காலெட்டை ஒட்டி 3.62தான் அண்ணாச்சி.

வடசேரி அண்ணாச்சி:
அப்போ ராடு வளைகிறது. வைரத் துகள்களுக்கு இடையில் தூள் அடைத்தால் வீல் வெட்டாது, தள்ளும். கீச்சுச் சத்தம் அதுதான். விறைப்பு விட்டத்தின் நாலாம் அடுக்கில் போகும், 8-ஐவிட 6 மூன்று மடங்கு லேசாக வளையும். ராடை அடியில் தாங்கும் ஸ்டெடி ரெஸ்ட் வி-பிளாக்கை மாற்றினாயா? ராடுக்கும் பிளாக்குக்கும் நடுவே ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார். எண்ணெய் நாசிலையும் பார், வீல் ராடைத் தொடும் இடத்திலேயே பாய வேண்டும்.

கோணம் பட்டறை (மறுநாள்):
பிளாக்கை மாற்றியிருந்தோம், உயரம் பார்க்கவில்லை. 0.05 ஃபீலர் தாராளமாக நுழைந்தது! நாசிலோ வீலின் பக்கவாட்டில் பீச்சிக்கொண்டிருந்தது, வீல் மாற்றும்போது பையன் திருப்பியிருக்கிறான். இரண்டையும் சரிசெய்து இருபது பீஸ் ஓட்டினேன், நுனியில் 3.61 முதல் 3.63 வரைதான். வீலைக் குறை சொன்னது என் தப்பு. காலையில் முதல் பீஸ் மட்டும் 0.02 மாறுகிறது, அது ஏன்?

வடசேரி அண்ணாச்சி:
எண்ணெயும் ஸ்பிண்டிலும் குளிர்ந்து கிடக்கும். அரை மணி நேரம் வெறுமனே ஓடவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து ராடைப் போடு.