சைட்டேஷன்: சாட்சிக்கு அழைப்பா, வெறும் மேற்கோளா?

ஏட்டுச்சுவடி:
'சைட்' என்றதும் கல்லூரி வாசலில் பையன்கள் அடிப்பதை நினைக்க வேண்டாம். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் சைட்டேஷன் (citation) என்கிறோமே, அந்த ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேசுகிறேன். அகராதியில் அதற்கு இரண்டு முக்கியப் பொருள் இருக்கிறது. ஒன்று, ஆளை நீதிமன்றத்துக்கு வரவழைப்பது. இன்னொன்று, நூலை மேற்கோள் காட்டுவது. இரண்டும் ஒரே வேலைதான் என்பது என் கட்சி. நூலை சைட் பண்ணுகிறவர் ஒரு சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிறார்.

இங்கிலாந்தில் இந்தச் சொல் புழங்கத் தொடங்கியபோது அது திருச்சபை நீதிமன்றங்களின் சொல். திருச்சபைக்குத் தர வேண்டிய தசமபாகம் கட்டாதவர், கள்ளத்தொடர்பு வைத்திருந்தவர், உயிலில் தகராறு செய்தவர் என எல்லாருக்கும் அங்கிருந்துதான் ஓலை வரும். ஓலை கொண்டுவருகிறவன் மேல் ஊருக்கே கடுப்பு. ஆங்கிலக் கவிஞர் சாசரின் கேன்டர்பரி கதைகளில் அப்படி ஒருவன், ஓலையைக் காட்டி மிரட்டி ஓர் ஏழைக் கிழவியிடம் 12 பென்னி பிடுங்கப் பார்க்கிறான். வேறு மறைமாவட்டங்களுக்கு, அதாவது வேறு ஆயர்களின் ஆளுகைப் பகுதிகளுக்கு, அழைத்து அலைக்கழிப்பதும் நடந்தது. அதைத் தடுக்க எட்டாம் ஹென்றி காலத்தில், 1531-இல், தனிச் சட்டமே போட்டார்கள்: சில விதிவிலக்குகள் தவிர, யாரையும் அவர் குடியிருக்கும் மறைமாவட்டத்துக்கு வெளியே சைட் பண்ணக் கூடாது. மேற்கோள் என்ற பொருள் ஆங்கிலத்தில் 1500களில்தான் வருகிறது. நீதிமன்றத்திலிருந்து படிப்பறைக்குக் குடிபெயர்ந்த சொல் இது.

கறார் கந்தசாமி:
கதை நன்றாக இருக்கிறது. ஆனால் சொல் பிறந்த இடத்தை வைத்து இன்றைய பொருளைத் தீர்மானிப்பது பழைய வியாதி. வேரைத்தான் தோண்டுவேன் என்றால் ஏன் பாதியில் நிறுத்துகிறீர்கள்? இந்தச் சொல்லுக்கு வேரான லத்தீனின் 'கிதாரே'வுக்கு அடியில் இருப்பது 'கியேரே'. அசைத்துவிடு, கிளப்பிவிடு என்று பொருள். எக்ஸைட் (excite), இன்சைட் (incite), ரிசைட் (recite) எல்லாம் அந்தக் குடும்பம்தான். ஸ்பெயினில் காளையோடு மோதுகிறவர் துணியை உதறி அதைத் தன் பக்கம் பாய வைப்பதற்கு இன்றும் 'சிதார்' என்றுதான் பெயர். அதே ஊரில் 'சிதா' என்றால் மேற்கோள். பல் டாக்டரிடம் வாங்கும் நேரமும் சிதா, காதலர்கள் சந்திப்பும் சிதா. இவர்களில் யார் கூண்டில் ஏறுகிறார்கள்?

அப்புறம் பதக்கம். 1915-இல் பிரான்ஸ் தொடங்கிய குருவா த கெர், ராணுவ ஆணையில் பெயர் சைட் ஆன வீரர்களுக்குக் கொடுத்தது. ராணுவ அளவில் பெயர் வந்தால் பட்டையில் ஓலைக் கிளைச் சின்னம், கீழ்நிலைப் பிரிவுகள் என்றால் நட்சத்திரம். அமெரிக்காவிலோ போக்குவரத்துப் போலீஸ் நீட்டும் அபராதச் சீட்டும் சைட்டேஷன்தான். பாராட்டுக்கும் தண்டத்துக்கும் ஒரே சொல் என்றால், உள்ளே நிலையான பொருள் ஒன்று இருக்கிறது என்று எப்படிச் சொல்வீர்கள்?

ஏட்டுச்சுவடி:
போலீஸ் சீட்டு என் பக்கம்தான் ஐயா. அது தண்டனை இல்லை. "இன்ன தேதியில் ஆஜராகு அல்லது பணத்தைக் கட்டு" என்கிற அழைப்பு. மேற்கோள் பொருளும் நேற்றுப் பிறந்தது இல்லை. ரோம் வரலாற்றை எழுதிய லிவி, மொனேட்டா கோயிலில் வைத்திருந்த துணிச் சுவடிகளை லிசினியஸ் மாசர் என்பவர் திரும்பத் திரும்ப ஆதாரமாக அழைக்கிறார் என்று சொல்கிறார். அங்கே அவர் போட்ட வினை இதேதான். 2000 வருடத்துக்கு முன்பே சுவடி சாட்சியாகிவிட்டது.

கறார் கந்தசாமி:
அப்படியானால் உங்கள் குடிபெயர்ச்சிக் கதை அங்கேயே விழுந்தது. இரண்டு பொருளும் லத்தீனிலேயே அக்கம்பக்கமாக இருந்தால், ஆங்கிலம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகவே கடன் வாங்கியிருக்கலாம். நீதிமன்றத்திலிருந்து படிப்பறைக்கு யாரும் நடந்து வர வேண்டியதில்லை.

சட்டக்கிளி:
இரண்டு பேரும் ரோமில் சுற்றியது போதும், பாரிமுனைக்கு வாங்க. சென்னை உயர் நீதிமன்றத்தில் உயிலுக்கு புரொபேட், அதாவது உயில் செல்லும் என்ற நீதிமன்றச் சான்று, கேட்டு மனு போட்டால் இன்றைக்கும் 'சைட்டேஷன்' என்ற பெயரிலேயே ஒன்று வரும். 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம், 283-ஆம் பிரிவு: சொத்தில் பாத்தியதை கோருகிற எல்லாரும், புரொபேட் கொடுப்பதற்கு முன்னால் நடவடிக்கைகளை வந்து பார்க்கலாம் என்று அழைக்கிற காகிதம். அதைக் கோர்ட் கட்டடத்தில் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்ட வேண்டும், கலெக்டர் ஆபீசிலும் ஒட்ட வேண்டும்.

சாதாரண சிவில் வழக்கில் பிரதிவாதிக்குப் போவது சம்மன். இங்கே மட்டும் ஏன் வேறு பெயர்? இங்கிலாந்தில் உயில் விவகாரம் திருச்சபை நீதிமன்றங்களிடம்தான் இருந்தது. 1857-இல் போட்ட சட்டம்தான் அதைப் பிடுங்கி அரசு நீதிமன்றத்திடம் கொடுத்தது. வேலை கைமாறியபோது பாதிரியார் காலத்துச் சொல்லும் கூடவே வந்துவிட்டது. அது கப்பலேறி நம்ம ஊருக்கும் வந்தது.

ஆனால் ஏட்டுச்சுவடி சார், இது உங்களுக்கும் முழுசாகச் சாதகம் இல்லை. இந்த சைட்டேஷனைப் பார்த்துவிட்டு யாரும் வராமல் இருக்கலாம். வாரண்ட் எல்லாம் வராது. ஆட்சேபம் இருந்தால் கேவியட் (என்னைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள் என்ற மனு) போடுங்கள், இல்லையென்றால் வீட்டில் இருங்கள், அவ்வளவுதான்.

ஏட்டுச்சுவடி:
அருமை வக்கீலம்மா, கலெக்டர் ஆபீஸ் விஷயம் எனக்குப் புதுசு. கட்டாயம் இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். என் கவலை அழைக்கிறவரைப் பற்றியது. சாட்சியை முன்பின் பார்க்காமலே கூண்டில் ஏற்றுகிறார்கள். சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் 2003 வாக்கில் ஒரு வேலை செய்தார்கள். 4,300 தடவைக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்ட ஒரு பௌதிகக் கட்டுரையை எடுத்துக்கொண்டு, அதன் விவரத்தைத் தப்பாகக் கொடுத்தவர்களைத் தேடினார்கள். 196 பிழைகள். அவற்றில் தனித்தனி வகை 45 மட்டுமே. ஒரே தப்பான பக்க எண் 78 இடத்தில்! ஆளாளுக்கு மூலத்தைப் பிரித்துப் பார்த்திருந்தால் 78 பேருக்கும் ஒரே பிழை வருமா? முந்தின கட்டுரையின் கடைசிப் பக்க மேற்கோள் பட்டியலிலிருந்து அப்படியே இறக்கியிருக்கிறார்கள்.

கறார் கந்தசாமி:
இது என் கட்சிக்குத்தான் பலம். மேற்கோளுக்கு 'கோட்' (quote) என்று இன்னொரு சொல் இருக்கிறதே, அதன் லத்தீன் வேர் 'எத்தனை' என்ற கேள்வி. நூலில் அத்தியாயத்துக்கு எண் போட்டதிலிருந்து வந்தது. இன்று சைட்டேஷனும் அந்த எண் வேலைக்குத்தான் வந்திருக்கிறது. யூஜின் கார்ஃபீல்ட் 1955-இல் 'சயன்ஸ்' இதழில் சைட்டேஷன் அட்டவணை யோசனையை வைத்தார்: எந்தக் கட்டுரையைப் பிற்பாடு யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்ற பட்டியல். பல்கலைக்கழகத்தில் பதவி உயர்வுக்கு இன்று கேட்பது எண்ணிக்கையை. சாட்சி என்ன சொன்னார் என்று கேட்பவர் யார்?

சட்டக்கிளி:
கார்ஃபீல்ட் அந்த யோசனையை எங்க ஆட்களிடமிருந்துதான் எடுத்தார். 1873-இல் அமெரிக்காவின் இல்லினாயில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் பசை தடவிய சீட்டுகள் விற்றார். வக்கீல்கள் அதைத் தீர்ப்புப் புத்தகத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்வார்கள். இந்தத் தீர்ப்பைப் பிற்பாடு யார் பின்பற்றினார்கள், யார் தள்ளினார்கள் என்று அதில் இருக்கும். எண்ணிக்கைக்காக யாரும் அதை வாங்கவில்லை. மேல்கோர்ட் ரத்து செய்த தீர்ப்பை ஒருநாள் சைட் பண்ணிப் பாருங்கள், பெஞ்சிலிருந்து என்ன வருகிறது என்று.

ஏட்டுச்சுவடி:
அதேதான்! 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்து 2010-இல் திரும்பப் பெறப்பட்ட, தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட வேக்ஃபீல்டின் கட்டுரையை இன்னமும் சைட் பண்ணுகிறார்கள். பெரும்பாலும் மறுப்பதற்காக. எண்ணிக்கை மட்டும் பார்த்தால் அது நட்சத்திரக் கட்டுரை. கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் அங்கே நடப்பது குறுக்கு விசாரணை என்று தெரியும்.

கறார் கந்தசாமி:
லான்செட் உதாரணம் வலுவானதுதான், மறுக்கவில்லை. ஆனால் பிரெஞ்சு சிப்பாயை இன்னும் தொடவே இல்லையே நீங்கள்? ஆணையில் அவர் பெயரை வாசித்தார்கள், பதக்கத்தைக் குத்தினார்கள். அவர் எந்த வழக்கில் யாருக்குச் சாட்சி?