எஞ்சின் 2,200 சுற்றில் சூடாகிறது, ஜெரெஜாக் தீவோரம் நிற்கிறோம்

லூமுட் பாய்மரம்:
வணக்கம். 32 அடி பாய்மரப் படகு, 30 குதிரைசக்தி டீசல் எஞ்சின். மலேசியாவின் லூமுட்டில் மரினாவில் (படகுத்துறையில்) நாலு மாதம் அசையாமல் கட்டிக் கிடந்தது. லங்காவி போகலாம் என்று முந்தாநாள் கிளம்பினோம். நிமிடத்துக்கு 1,400 சுற்றில் ஓட்டினால் சூட்டு முள் 80 டிகிரியிலேயே நிற்கிறது. 2,200-க்கு ஏற்றினால் இருபதே நிமிடத்தில் 95-ஐத் தாண்டி அலாரம் கத்துகிறது. மெதுவாகவே வந்து பினாங்கில் ஜெரெஜாக் தீவோரம் நங்கூரம் போட்டிருக்கிறோம்.

கிளம்பும் முன் ஸ்ட்ரெய்னரை (கடல்நீர் வடிகட்டியை) சுத்தம் செய்தேன், இம்பெல்லர் (கடல்நீர் பம்பின் ரப்பர் சக்கரம்) மாற்றினேன், கூலன்ட் நிறைய இருக்கிறது. போனில் பேசிய மெக்கானிக் ஒருவர் எஞ்சினையே இறக்கிப் பார்க்கணும் என்கிறார். மனைவியும் பத்து வயது மகனும் கூட இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா?

கெடா கடலோடி:
எஞ்சினைக் குளிர்வித்த கடல்நீர் எக்ஸாஸ்டில் (புகைக்குழாயில்) எப்படி வருகிறது? நீராவி தெரிகிறதா?

லூமுட் பாய்மரம்:
வருகிறது அண்ணே, ஆனால் முன்பு போல் கொட்டவில்லை. வேகம் கூட்டினால் வெள்ளையாகப் புகைகிறது.

பழைய டீசல்:
தம்பி, எஞ்சினில் கை வைக்காதீர்கள். மெதுவாகப் போனால் சரி, வேகம் கூட்டினால் சூடு என்றால் பெரும்பாலும் கடல்நீர் போதவில்லை என்றுதான் அர்த்தம். தண்ணீர் வரும் வழியை வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில் எஞ்சினை நிறுத்தி சீகாக்கை (படகின் அடியில் கடல்நீர் நுழையும் வால்வை) மூடுங்கள். ஸ்ட்ரெய்னருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, ஒரு மர ஆப்பைக் கையில் வைத்துக்கொண்டு, சீகாக்கை இரண்டே விநாடி திறங்கள். தண்ணீர் பீறிட்டு அடிக்க வேண்டும். நூல் மாதிரி வந்தால் அடைப்பு வெளியே இருக்கிறது. இந்த வெதுவெதுப்பான கடலில் நாலு மாதம் நின்ற படகு என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது தெரித்திப்பைத்தான். அந்த ஒட்டுச்சிப்பி குழாய்க்குள்ளேயே வளரும். ஸ்ட்ரெய்னரை எத்தனை முறை கழுவினாலும் அது தெரியாது.

இன்னொன்று. கழற்றிய பழைய இம்பெல்லரில் எல்லா இதழும் இருந்தனவா?

லூமுட் பாய்மரம்:
அண்ணே, நீங்கள் சொன்னது போலவே சுண்டுவிரல் தடிமனுக்குக் கூட தண்ணீர் வரவில்லை! நீரோட்டம் நின்ற நேரம் பார்த்து, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினேன். குழாய் வாயில் சிப்பி அடை அடையாக இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தி எடுத்தேன், இரண்டு கைப்பிடி வந்தது. இப்போது 2,200-ல் 88-ல் நிற்கிறது. 80-க்கு இறங்க மாட்டேன் என்கிறது.

பழைய இம்பெல்லரைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஆறு இதழில் இரண்டு இல்லை. மாற்றும்போது கவனிக்கவே இல்லை.

பழைய டீசல்:
அந்த இரண்டும் எங்கேயும் போயிருக்காது. சீகாக்கை மூடிவிட்டு, ஹீட் எக்ஸ்சேஞ்சரின் (கடல்நீர் கூலன்ட்டைக் குளிர்விக்கும் பெட்டியின்) முன்மூடியைத் திறங்கள், குழாய்களின் வாயில் ஒட்டிக்கொண்டு இருக்கும். மூடியின் ரப்பர் வளையத்தைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், நடுக்கடலில் அது கிடைக்காது. அரிப்பைத் தடுக்கும் ஜிங்க் கட்டை இருந்தால் அதையும் பாருங்கள், உடைந்த ஜிங்க் துண்டும் அங்கேதான் தங்கும். முன்மூடியைத் திரும்பப் பொருத்திய பிறகு சீகாக்கைத் திறக்க மறக்காதீர்கள். அப்புறம், எஞ்சின் பிடிக்கவில்லை என்று திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டரை அழுத்தாதீர்கள். எக்ஸாஸ்டில் தேங்கும் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறிவிடும். அப்படி ஆனால்தான் உண்மையிலேயே எஞ்சினை இறக்க வேண்டி வரும்.

கெடா கடலோடி:
ஜெரெஜாக்கில் நீரோட்டம் பலமாக இருக்கும், சங்கிலியைத் தாராளமாக விடுங்கள். இப்போது சுமத்ரா காற்று (சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று வரும் புயல்காற்று) அடிக்கும் மாதம். விடியலுக்கு முன்னால் மேற்கே கறுத்து வந்தால், எஞ்சினை நம்பி நங்கூரத்தை எடுக்காதீர்கள். விஎச்எஃப் ரேடியோவில் ஆபத்து அழைப்புக்கான 16-ஆம் சேனலைத் திறந்தே வையுங்கள். லங்காவி அங்கிருந்து ஏறக்குறைய 60 கடல் மைல். ஐந்து நாட் வேகத்தில் பகல் முழுக்கப் போய்விடும். இருட்டினால் மீன்வலை கண்ணுக்குத் தெரியாது, அதனால் விடிந்ததும் கிளம்புங்கள். வழியில் பாயார் கடல் பூங்காவில் நின்றால், பவளப்பாறை மேல் நங்கூரம் போட வேண்டாம்.

லூமுட் பாய்மரம்:
இரண்டு இதழும் கிடைத்துவிட்டன! ஒன்று முழுசாக, ஒன்று கிழிந்து. மகன்தான் டார்ச் பிடித்தான், அவன் கண்ணில்தான் முதலில் பட்டது. 2,200-ல் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன், முள் 80-ஐ விட்டு நகரவில்லை. எக்ஸாஸ்டில் தண்ணீர் கொட்டுகிறது. ரொம்ப நன்றி அண்ணே, இருவருக்கும். நாளை விடிந்ததும் கிளம்புகிறோம்.